வாசகர் கேட்கிறார்: வெங்காரம், போரிக் அமிலம், தண்ணீர்

சென்ற இதழில் மரத்தை அரிக்கும் வண்டுக்குப் போரிக் அமிலம் நல்ல மருந்து என்று இரண்டு வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு பர்மாவின் பட்டறை, நகைக்கடை, வயல், சமையலறை என்று பல பக்கமிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது போரான் என்ற ஒரே தனிமம்தான் என்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: மூங்கில் தட்டியும் ரப்பர் மரச் சட்டமும் செய்கிறோம். வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த தொட்டியில் ஊறப்போட்டும் சில துண்டுகளில் வண்டு அரித்த மாவு கொட்டுகிறது. போதாததற்கு, பழைய தொட்டி நீரை வாய்க்காலில் விட்டதிலிருந்து கீழ்த்தோட்டத்து எலுமிச்சையும் பயற்றங்காயும் இலை ஓரம் கருகி நிற்கின்றன. தோட்டக்கார அண்ணன் எங்களைத்தான் குற்றம் சொல்கிறார். சரியா?
— பட்டறைக்காரர், முடோன்

பதில்: அண்ணன் சொல்வது சரிதான். அதற்கு முன்னால் மாவு கொட்டுவதைப் பார்ப்போம்.

100 லிட்டர் தண்ணீருக்கு வெங்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் குளிர்ந்த நீரில் இரண்டுமே அரைகுறையாகத்தான் கரையும்; சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று கரைய வைக்கும். முதலில் 20 லிட்டர் வெந்நீரில் கரைத்துவிட்டு மீதி நீரை ஊற்றுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் கலவை நீங்கள் நினைக்கும் வலுவில் இல்லை. எடையிலும் ஒரு வழுக்கல் உண்டு. இங்கே கடையில் தரும் வீசை 1.63 கிலோ, பழைய சென்னை வீசையோ 1.4 கிலோ. தாத்தா காலத்துக் குறிப்பை வைத்துக் கலப்பவர்கள் கிலோவுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

போரான் மரத்துக்குள் தானாக நுழைவதில்லை. மரத்தில் இருக்கும் ஈரத்தின் வழியாகத்தான் மெல்ல ஊர்ந்து போகும். காய்ந்த பலகையை ஊறப்போட்டால் மேல்தோலில் மட்டும் மருந்து நிற்கும், நடுவில் வண்டு விருந்து சாப்பிடும். ரப்பர் மரத்தை அறுத்த அன்றோ மறுநாளோ தொட்டியில் இறக்கிவிட வேண்டும். ஒரு அங்குலப் பலகையானால் சூடான, 20 முதல் 25 சதவீத வலுவுள்ள கரைசலில் முக்கி எடுத்து, இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கி, தார்ப்பாயால் மூடி மூன்று நான்கு வாரம் வையுங்கள். ஈரம் வெளியே போகாதிருந்தால்தான் மருந்து உள்ளே போகும். அதன் பிறகே காற்றாட உலர்த்த வேண்டும்.

மூங்கிலின் வெளித்தோல் எதையும் உள்ளே விடாது. முழு மூங்கிலானால் நீண்ட கம்பியால் உள்கணுக்களைக் குத்தித் துளைத்துவிட்டுக் கல்லேற்றி முழுதாக அமிழ்த்துங்கள். பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். பிளந்த பட்டைக்கு ஒரு வாரம் போதும். மேலே மிதந்த பகுதியில்தான் பெரும்பாலும் மாவு கொட்டும், கவனித்துப் பாருங்கள்.

மருந்து நடுவரை போயிற்றா என்று பார்க்க, ஒரு துண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சள் சாற்றைத் தடவிக் காயவிடுங்கள். பிறகு சாலிசிலிக் அமிலம் கரைத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தெளியுங்கள். போரான் இருக்கும் இடம் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். நடுவில் மஞ்சள் தீவு தெரிந்தால் ஊறிய நாள் போதவில்லை.

இப்போது வாய்க்கால். மேலே சொன்ன கலவையில் லிட்டருக்கு ஏறத்தாழ 6,900 மில்லிகிராம் போரான் இருக்கிறது. எலுமிச்சை தாங்குவது லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கும் கீழே. பயற்றங்காய் காராமணி இனம். அதன் வரம்பு 0.5 முதல் 0.75. கணக்குப் போட்டால், தொட்டியிலிருந்து போகும் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 14,000 லிட்டர் நல்ல நீரை எலுமிச்சைக்கு ஆகாததாக்கிவிடும். இலையில் தெரியும் அடையாளமும் அதுவேதான்: முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் முதலில் மஞ்சளாகிப் பின் கருகும், கொழுந்து பச்சையாக இருக்கும். வேர் உறிஞ்சிய போரான் இலை வழியே ஆவியாகும் நீரோடு நுனிவரை வந்து, நீர் போன பின் அங்கேயே தங்கிவிடுவதால் இப்படி ஆகிறது.

தொட்டி நீரைக் கொட்டவே கூடாது. வலு குறைந்தால் மருந்தைக் கூட்டி, தூசியை வடித்து, மறுபடி பயன்படுத்துங்கள். தொட்டிக்குக் கூரை வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் ஊர் மழையில் அது வழிந்தே தீரும். எடுத்த மரம் சொட்டும் இடத்தில் சிமெண்டுத் தளமும் வரப்பும் கட்டி, சொட்டு நீர் தொட்டிக்கே திரும்பும்படி சரிவு வையுங்கள். தொழிலை நிறுத்தும் நாளில் மிச்சத்தை மரத்திலேயே தூரிகையால் பூசித் தீர்க்கலாம். மருந்தேற்றிய மரத்தின் இழைப்புத் தூளைத் தோட்டத்தில் பரப்பாதீர்கள், காளான் வளர்ப்பவருக்கும் விற்காதீர்கள். பூசணத்தை ஒடுக்கும் மருந்தில் காளான் எப்படி முளைக்கும்?

அண்ணனின் மரங்களுக்கு மருந்து என்று எதுவும் இல்லை. நல்ல நீரை ஆழமாகப் பாய்ச்ச வேண்டும். முடோனை அடுத்த மோல்மீன் பக்கம் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, ஒரு மழைக்காலம் பெருமளவு கழுவிவிடும். கருகிய இலை மீளாது. புதிதாக வரும் இலை முதிர்ந்த பிறகும் ஓரம் சுத்தமாக இருந்தால் பிழைத்ததென்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று விட்டுப்போனது. இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும். மண்ணில் ஊன்றும் கம்பத்துக்கும் வெளிவேலிக்கும் இதை நம்பாதீர்கள்.

கேள்வி: பற்றவைக்கும்போது வெங்காரம் பொங்கி, நகையை ஒட்டவைக்கும் பற்றாசுத் துண்டைத் தள்ளிவிடுகிறது. அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல் என்கிறார்களே?
— பொற்கொல்லர், ரங்கூன்

பதில்: கடை வெங்காரத்தின் எடையில் பாதிக்கு அருகே தண்ணீர்தான். சூடேறியதும் அந்த நீர் கொதித்து வெளியேறும்போது பொரி மாதிரி உப்பும். எல்லா நீரும் போன வெங்காரம் 743 டிகிரி செல்சியஸில் கண்ணாடியாக உருகி, உலோகத்தின் மேல் உள்ள ஆக்சைடைக் கரைத்துப் பற்றாசு ஓட வழிவிடும். ஆக நமக்கு வேண்டியது அந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே. இரும்புக் கரண்டியில் முன்கூட்டியே பொரித்து, பொடித்து, காற்றுப் புகாமல் வைத்துப் பயன்படுத்துங்கள். பச்சை வெங்காரமே போதுமென்றால் கல்லில் நீர்விட்டு இழைத்துப் பால்பதத்தில் மெல்லப் பூசி, ஊதுகுழலை எட்டப் பிடித்து வெள்ளையாக அடங்கும்வரை இளஞ்சூடு காட்டுங்கள். பற்றாசை அதற்குப் பிறகு வைக்கலாம். கெட்டியாகப் பூசினால் இணைப்பில் கண்ணாடிக் குமிழ் சிக்கிக்கொண்டு மெருகு போடும்போது ஊசித்துளையாகத் தெரியும்.

புகையைப் பற்றிய பயத்தில் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். நுரையீரலைக் கெடுப்பது கேட்மியம் கலந்த பற்றாசு. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமலே மூச்சில் போகும்; அன்றைக்கு ஒன்றும் செய்யாது, மறுநாள் காய்ச்சல் போல வந்து ஆளைச் சாய்க்கும். கேட்மியம் இல்லாத பற்றாசுக்கு மாறுங்கள், விசிறியை முகத்துக்கு நேரே வைக்காமல் புகையை வெளியே இழுக்கும்படி வையுங்கள். ஒட்டிய வெங்காரக் கண்ணாடியை உளியால் பெயர்க்க வேண்டாம். 10 சதவீத கந்தக அமிலத்தில் இளஞ்சூட்டில் போட்டால் தானே கரையும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல.

இந்த நாட்டில் வெங்காரத்துக்கு இன்னொரு நகைத்தொழில் வேலையும் உண்டு. ஷான் மாநிலத்து மோங் சூ மாணிக்கங்களில் விரிசல் அதிகம். வெங்காரத்தோடு சேர்த்து உயர்ந்த வெப்பத்தில் வாட்டினால் விரிசல் ஆறிப்போகும். உள்ளே கண்ணாடிப் படிவு மிஞ்சும். அப்படிப்பட்ட கல்லைப் பழுதுபார்க்கும் நகையில் வைத்தபடியே ஊதினாலோ, வெங்காரம் பட்டுச் சூடானாலோ கல் கெடும். கல்லைக் கழற்றிவிட்டுத்தான் தீ.

கேள்வி: ஆழ்குழாய் நீரைச் சோதித்ததில் போரான் 1.6 என்று தாள் வந்திருக்கிறது. எள், நிலக்கடலை, வெங்காயம் போடுகிறோம், இலை நுனி காய்கிறது. குடிக்கவும் இதே நீர்தான். என்ன செய்வது?
— நிலக்காரர், பக்கொக்கு

பதில்: முதலில் அந்தத் தாளை மறுபடி பாருங்கள். 1.6 என்பது லிட்டருக்கு மில்லிகிராமா? போரானாகவா, போரிக் அமிலமாகவா? ஒரு பங்கு போரான் 5.7 பங்கு போரிக் அமிலத்துக்குச் சமம். சில ஆய்வகங்கள் மைக்ரோகிராமில் 1,600 என்று எழுதும், அதைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. நீரை எதில் பிடித்தீர்கள் என்பதும் முக்கியம். வெப்பம் தாங்கும் ஆய்வகக் கண்ணாடியிலேயே போரான் ஆக்சைடு 12, 13 சதவீதம் இருக்கிறது. அதிலிருந்து கசிந்து அளவு ஏறலாம். பாலிதீன் புட்டிதான் சரி. சோப்புத்தூளால் கழுவக் கூடாது, சில சலவைத்தூளில் போரான் உள்ள பெர்போரேட் வெளுப்பான் இருக்கும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் புட்டியை மூன்று முறை அலசிப் பிடியுங்கள்.

அளவு உண்மையென்றால், குடிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2011 முதல் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். அதற்கு முன் 0.5 என்று இருந்தது. பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு யாராவது பதறினால் அதுதான் காரணம். போரான் சரி என்றால் நீரே சரி என்று ஆகாது. உங்கள் பக்கத்து மழை குறைந்த உலர்மண்டலக் கிணறுகளில் ஆர்செனிக், ஃபுளோரைடு, உப்பு ஆகியவற்றையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். குடிநீருக்கு அவைதான் பெரிய கவலை.

பயிர் வேறு கதை. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் பாசன நீர்க் கையேடு 0.7 வரை தொல்லையில்லை, 0.7 முதல் 3 வரை கவனம் தேவை, 3க்கு மேல் கடுமை என்கிறது. பயிர்வாரியாகப் பார்த்தால் வெங்காயம் தாங்குவது 0.5 முதல் 0.75. எள், நிலக்கடலை, பாசிப்பயறு 0.75 முதல் 1. மிளகாய், வெள்ளரி 1 முதல் 2. சோளமும் தக்காளியும் 4 முதல் 6. பருத்தி 6க்கு மேலும் நிற்கும். உங்கள் மூன்று பயிரும் பட்டியலின் தவறான முனையில் இருக்கின்றன! இந்த எண்கள் வேர்ப்பகுதி மண்ணில் உள்ள நீருக்கானவை என்பதையும் மறக்க வேண்டாம். கோடையில் நீர் ஆவியாகப் போகப் போக அங்கே போரான் கிணற்றைவிடக் கூடும்.

ஆழத்துக்குப் போனால் ஏன் இப்படி என்றால், உலர்மண்டலத்தின் அடியில் பழைய கடற்படிவுப் பாறைகள் இருக்கின்றன. கடல்நீரில் போரான் லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் அளவில் இருக்கும். கடலடியில் படிந்த களியும் அதைச் சேர்த்து வைத்திருக்கும். எண்ணெய் வயல்களின் உப்புநீரில் இன்னும் கூடுதலாக இருப்பது உலகெங்கும் கண்டதுதான். மேலே உள்ள ஐராவதி மணற்பாறைத் தண்ணீர் பொதுவாக நல்லது. துளை போடுபவர் "இன்னும் ஆழம் போனால் நிறைய நீர்" என்று சொல்லும்போது நிறைய நீர் நல்ல நீராகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

செய்யக்கூடியது மூன்று. கலப்பது முதலாவது: குளத்து மழைநீரில் போரான் 0.1 என்று வைத்துக்கொண்டால், கிணற்று நீர் இரண்டு பங்கு, குளத்து நீர் மூன்று பங்கு சேர்த்தால் 0.7 வரும். குளத்து நீரையும் ஒருமுறை சோதித்துவிட்டுக் கலவையை முடிவு செய்யுங்கள். இரண்டாவது, பயிரை மாற்றுவது. கிணறு எட்டும் வயலில் பருத்தி, சோளம், தக்காளி. வெங்காயத்தையும் எள்ளையும் மழையை நம்பிய நிலத்துக்குத் தள்ளுங்கள். மூன்றாவது கழுவுவது. மண்ணிலிருந்து உப்பைக் கழுவ ஆகும் நீரைப்போல மூன்று மடங்கு நீர் போரானைக் கழுவத் தேவை. களிமண் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், மணல் சீக்கிரம் விடும். மழைக்கு முன் வரப்பை உயர்த்தி, விழும் மழையை வயலிலேயே இறங்கவிடுவதுதான் உலர்மண்டலத்தில் கட்டுப்படியாகும் வழி. ஜிப்சம் போடச் சொல்வார்கள். அது சோடியத்துக்கு மருந்து, போரானுக்கு அல்ல.

கேள்வி: காய்ச்சி வடிகட்டினால் போரான் போகாதா? வீட்டு ஆர்.ஓ. இயந்திரம்?
— இல்லத்தரசி, ரங்கூன்

பதில்: காய்ச்சினால் நீர்தான் குறையும், போரான் அப்படியே நிற்பதால் செறிவு சற்றுக் கூடும். படிகாரம், குளோரின், மணல் வடிகட்டி, பீங்கான் வடிகட்டி எதுவும் அதைத் தொடாது. சாதாரண பி.எச். (அமில-காரத் தன்மை) அளவில் போரிக் அமிலம் மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறாக இருக்கிறது. அதனால்தான் உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வில்கூட அது நழுவிவிடும். வீட்டு இயந்திரம் பாதி முதல் முக்கால் பங்குவரை நீக்கினால் அதிகம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் பி.எச். அளவைப் பத்துக்கு உயர்த்தி இரண்டாம் முறை சவ்வில் விடுவார்கள், அல்லது போரானை மட்டும் பிடிக்கும் தனிப் பிசினை வைப்பார்கள். வீட்டுக்கு அது வேண்டியதில்லை. ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் நீரை மட்டும் எலுமிச்சைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள்.

கேள்வி: மீன் உருண்டையிலும் நூடுல்ஸிலும் வெங்காரம் கலக்கிறார்கள் என்கிறார்கள். மஞ்சளில் நனைத்துப் பார்த்தேன், நூடுல்ஸ் பட்டதும் சிவந்துவிட்டது. வெங்காரம்தானே?
— ஆசிரியை, பெகு

பதில்: அவசரப்படாதீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பது நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். காரம் எதுவானாலும் மஞ்சளைச் சிவக்க வைக்கும். மஞ்சள்நிற நூடுல்ஸில் சோடா வகைக் கார உப்பு சேர்ப்பது வழக்கமான செய்முறை. நீங்கள் பார்த்தது அதுவாகவே இருக்கலாம், பாவம் கடைக்காரர்.

சரியான சோதனை அமிலத்தில் நடக்க வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் செய்யுங்கள். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கலக்கி, தெளிந்ததில் வடிதாளை நனைத்து உலர்த்துங்கள். 10 கிராம் உணவை 20 மில்லி வெந்நீரில் மசித்து வடித்து, நீல லிட்மஸ் சிவக்கும்வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுங்கள். தாளை அதில் தோய்த்து இளஞ்சூட்டில் காய வையுங்கள். போரான் இருந்தால் காயும்போது ரோஜாச் சிவப்பாகும். அதன் மேல் ஒரு சொட்டு அம்மோனியா விட்டால் கரும்பச்சைக்கோ கருநீலத்துக்கோ மாற வேண்டும். இந்த இரண்டாம் மாற்றம் வராவிட்டால் அது வெங்காரம் என்று சொல்லக் கூடாது. வெறும் நீரில் ஒரு தாளும், துளி வெங்காரம் கரைத்த நீரில் ஒரு தாளும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இது இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் காட்டும். எவ்வளவு என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். பயறு, பழம் போன்றவற்றில் இயற்கையாகவே சிறிதளவு போரான் உண்டு.

உணவில் சேர்ப்பது கூடாது என்பதில் இரண்டு கருத்து இல்லை. உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான பன்னாட்டு நிபுணர் குழு 1961இலேயே போரிக் அமிலம் அதற்கு ஏற்றதல்ல என்று முடிவு செய்துவிட்டது. உடலில் சேர்ந்தது சிறுநீர் வழியாகச் சில நாளில் வெளியேறும் என்பது உண்மை. தினமும் தின்றால் வெளியேறுவதற்குள் அடுத்தது வந்து சேரும்.

கேள்வி: பர்மாவில் போரான் கிடைக்கிறதா?
— மாணவர், மாண்டலே

பதில்: உலகச் சந்தைக்குப் போவது பெரும்பாலும் துருக்கியிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் தோண்டுவது. அதில் பெரும்பங்கு கண்ணாடிக்கும் கண்ணாடி இழைக்கும் பீங்கான் மெருகுக்கும் போய்விடுகிறது. உங்கள் ஊருக்கு வடக்கே மோகோக்கில் கிடைக்கும் போரானுக்கு மதிப்பு வேறு. ஆர்தர் பெயின் என்ற ஆங்கிலேயர் 1950களில் அங்கே வாங்கிய சிவப்புக் கல்லை மாணிக்கம் என்றே நினைத்தார்கள். ஆய்ந்ததில் கால்சியம், சிர்க்கோனியம், அலுமினியம், போரான் சேர்ந்த புதுக் கனிமம். 1957இல் பெயினைட் என்று பெயர் வைத்தார்கள். பல பத்தாண்டுகள் உலகில் இரண்டு மூன்று படிகங்கள்தான் தெரிந்திருந்தன. டூர்மலின் கல்லிலும் போரான்தான்.

கேள்வி: காலிஃபிளவர் தண்டு பொள்ளலாகிறது, நிலக்கடலைப் பருப்பைப் பிளந்தால் நடுவில் பழுப்புக் குழி. வெங்காரம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
— தோட்டக்காரர், தாங்கூ

பதில்: பக்கொக்கு வாசகருக்கு மிகுதி, உங்களுக்குக் குறை. பயிருக்குப் போரான் அவசியம் என்பதை 1923இல் கேத்தரின் வாரிங்டன் அவரைச் செடியில் நிறுவினார். மழை அடித்துக் கழுவிய மணல் நிலத்திலும் சுண்ணாம்பு அதிகம் போட்ட நிலத்திலும் குறைவு வரும். அது கொழுந்து, பூ, விதை என்று இளம் பகுதியில்தான் தெரியும். பருப்பில் குழி என்பது நல்ல அடையாளம். காலிஃபிளவரில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பொள்ளலின் உட்சுவர் பழுப்பாக இருந்தால் போரான் குறை, வெள்ளையாகச் சுத்தமாக இருந்தால் யூரியா அதிகமாகி வேகமாக வளர்ந்ததன் விளைவு.

ஏக்கருக்கு வெங்காரம் 4 கிலோ, 25 கிலோ மணலில் கலந்து விதைக்கு முன் பரவலாகத் தூவி உழுதுவிடுங்கள். விதைவரிசையில் போட்டால் முளையே கருகும். தெளிப்பதானால் 10 லிட்டர் டாங்குக்குப் போரிக் அமிலம் 10 முதல் 20 கிராம், வெந்நீரில் கரைத்து, மொட்டு வரும் நேரத்தில் மாலையில் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை. மண்ணில் போட்ட ஆண்டில் மறுபடி போடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் மண்ணைச் சோதித்த பின்தான். "போன வருஷம் நன்றாக வந்தது, இந்த வருஷம் இரட்டிப்பாகப் போடுவோம்" என்று போட்டவர்கள் அடுத்து விதைத்த பயற்றில் அதன் பலனைப் பார்ப்பார்கள்.

கேள்வி: கேரம் பலகைக்குப் போடும் போரிக் பொடியை எறும்புக்கு வைக்கலாமா? வீட்டில் குழந்தை இருக்கிறது.
— வாசகி, தட்டோன்

பதில்: வைக்கலாம். 100 மில்லி நீரில் சர்க்கரை 10 கிராம், போரிக் அமிலம் 1 கிராம். பொடியைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குக் கொண்டு போகாது. பஞ்சில் நனைத்து, மூடியில் துளையிட்ட டப்பாவுக்குள் வைத்து, குழந்தைக்கு எட்டாத அலமாரிப் பின்புறம் வையுங்கள். ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

ஆனால் கடைப்பொட்டலத்தில் "போரிக்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில கேரம் பொடி வெறும் மாவுப்பொருள்தான், எறும்பு அதைத் தின்று கொழுக்கும். பொடியை உப்பு, மாவு வைக்கும் அடுக்கில் வைக்காதீர்கள். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். 2, 3 கிராமிலேயே கைக்குழந்தைகள் இறந்த பதிவுகள் மருத்துவ நூல்களில் உண்டு. குழந்தையின் தொடை இடுக்குப் புண்ணுக்கு இதைத் தூவும் பழைய பழக்கமும் வேண்டாம், புண்பட்ட தோல் வழியே உள்ளே போய்விடும். தப்பித்தவறி வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.